சீசன் எடுக்காத காதலன்: காதலும் ஏமாற்றும் கலந்த நாவலை எழுதத் தொடங்குபவருக்கு

என்னுடைய முதல் நாவலின் கைப்பிரதியைக் கொழும்பு வெள்ளவத்தையில் ஓர் அக்காவிடம் வாசிக்கக் கொடுத்திருந்தேன். மொத்தம் 22 அத்தியாயம். கதாநாயகன் ஏற்கெனவே வேறொருத்தியோடு எழுத்து, அதாவது விவாகப் பதிவு, முடித்தவன் என்பதை 19 அத்தியாயம் பொத்திப் பொத்தி வைத்திருந்து, 20ஆவதில் வெடிக்க வைத்தேன். பெரிய கெட்டித்தனம் என்று நினைப்பு. கைப்பிரதி திரும்பி வந்தபோது அந்தப் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் ஒரு வரி இருந்தது: “பிள்ளை, அவன் அவளை ஏமாத்தினது சரி. நீ என்னை ஏன் ஏமாத்தினனீ?”

அந்த நாவல் வெளிவரவில்லை, வராததும் நல்லதே. அதற்குப் பிறகு எழுதியும், புதிதாக எழுதுகிறவர்களின் பிரதிகளை வாசித்தும் பிடிபட்டதைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன். விளக்குவதற்கு வசதியாக ஒரு கதையைக் கையில் எடுத்துக்கொள்வோம். தர்ஷினி, வெள்ளவத்தைக்காரி. ரவி, அவளோடு பின்னேர ரயிலில் வருகிறவன். இருவருக்கும் வேலை கொழும்புக் கோட்டையில்.

முதலில் பொய்யின் காரணத்தைப் பிடியுங்கள்

அநேகமானோர் கதாபாத்திரத்திலிருந்து தொடங்குவார்கள். உயரம், நிறம், கண், என்ன நிறச் சேர்ட். அதெல்லாம் பிறகு வரட்டும். காதலும் ஏமாற்றும் சேர்ந்த கதைக்கு விதை ஒரு பொய். அந்தப் பொய்யை ஒரு வசனத்தில் எழுதிப் பாருங்கள். “அவளை இழந்துவிடக் கூடாது என்பதற்காக அவன் இப்படிச் சொன்னான்” என்ற அச்சில் அது அடங்குகிறதா? அடங்கினால் உங்கள் கையில் இருப்பது காதல் நாவல். “காசைச் சுருட்டுவதற்காகச் சொன்னான்” என்றுதான் எழுத முடிகிறதென்றால் அது மோசடிக் கதை. அதையும் தாராளமாக எழுதலாம், ஆனால் பாதி வழியில் பொலிஸ் வந்து கதையைத் தன் கையில் எடுத்துக்கொள்ளும்.

நம்முடைய கதையில் ரவியின் ஊர் மலையகத்தில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்று. கொழும்பில் அவன் இருப்பது கொட்டாஞ்சேனையில், மூன்று பேர் பங்கு போடும் அறையில். ரயிலில் முதல்முதலாகக் கதைத்த அன்று தர்ஷினி “நீங்கள் எவடம்?” என்று கேட்கிறாள். யாழ்ப்பாணத்துப் பேச்சில் அந்த ஒரு சொல்லுக்குள் ஊர், சாதி, குடும்பம் என்று எத்தனை கேள்வி மடித்து வைத்திருக்கிறது என்பது நமக்குத் தெரியும். ரவிக்கும் தெரியும். “வெள்ளவத்தைதான்” என்கிறான். ஊரைக் கேட்ட கேள்விக்கு இருப்பிடம் பதிலாக வருகிறது, அந்த இருப்பிடமும் உண்மையில்லை. பொய் இவ்வளவு சின்னதாக இருப்பதுதான் நல்லது. பெரிய பொய்யோடு தொடங்கினால் அதற்குமேல் வளர இடமிருக்காது. இது வளரும். ஊரை மறைக்க இருப்பிடம், இருப்பிடத்தை மறைக்க வழி, வழியை மறைக்க நேரம்.

அவள் மீதும் ஒரு பொய் இருக்கட்டும்

தமிழில் கல்யாணத்துக்கு முந்திய காதலின் பெயரே களவு. தொல்காப்பியம் களவியலை முன்னாலும் கற்பியலைப் பின்னாலும் வைக்கிறது. ஊருக்கும் தாய்க்கும் தெரியாமல் இருவர் சேர்ந்து செய்வதுதான் களவு. அதாவது நம் மரபில் காதலர்கள் தொடக்கத்திலேயே கூட்டுப் பொய்யர்கள். வாசகரும் அதில் பங்காளி, அவர்கள் பிடிபடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டுதான் வாசிக்கிறார்.

இதைப் புதியவர்கள் அநேகமாகத் தவற விடுகிறார்கள். ஏமாற்றுகிறவன் ஒருபக்கம், பச்சைப்பிள்ளையாக ஒருத்தி மறுபக்கம் என்று பிரித்து விடுகிறார்கள். தர்ஷினியும் பொய் சொல்லட்டும், தாய்க்கு. பிந்தி வருகிற நாட்களில் என்ன சொல்வதென்று ரவிதான் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கிறான்: “பொய்யை முன்னால வைக்காதீங்கோ. முதல்ல ஏதாவது உண்மையான சலிப்பைச் சொல்லுங்கோ. இண்டைக்குப் பயங்கர சனம், கால் வைக்க இடமில்லை எண்டு தொடங்குங்கோ. பிறகு ஓஃபிஸில ஓடிட் எண்டால் அம்மா நம்புவா.”

அவள் அப்படியே செய்கிறாள். தாய் நம்புகிறாள். இரண்டு பேரும் சிரிக்கிறார்கள், வாசகரும் சிரிக்கிறார். இந்தச் சிரிப்பை நன்றாக எழுதுங்கள், அவசரப்பட வேண்டாம். நாவலின் பிற்பாதி முழுவதும் இதன் மேல்தான் நிற்கப் போகிறது. ரவி பொய் சொல்லும் முறை உலகத்தில் ஒருத்திக்குத்தான் தெரியும், அதை அவனே அவளுக்குப் பழக்கியும் விட்டான்.

கொப்பி ஒன்று வாங்குங்கள்

நான் எல்லோருக்கும் சொல்வது இதைத்தான், கேட்கிறவர்கள் குறைவு. ஒரு சீஆர் கொப்பி வாங்கி, பக்கத்தைக் குறுக்காக வைத்து ஐந்து நிரல் கீறுங்கள். எந்தப் பொய், யாருக்குச் சொன்னது, எந்த அத்தியாயம், அதைக் காப்பாற்ற என்ன செய்தான், அதற்கு என்ன செலவு.

நான்காவது நிரலில்தான் நாவல் இருக்கிறது. பொய் சொல்வதற்கு ஒரு விநாடி போதும். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் அதற்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். ரவி கோட்டையில் வேலை முடிந்து கொட்டாஞ்சேனைக்கு நடந்தே போய்விடக் கூடியவன். அப்படிப்பட்டவன் தினமும் கோட்டை நிலையத்தில் ரயிலேறி, கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி தாண்டி வெள்ளவத்தையில் இறங்குகிறான். அவளோடு காலி வீதிவரை நடக்கிறான். அவள் தன் ஒழுங்கைக்குள் திரும்பும்வரை நிற்கிறான். பிறகு வேறொரு ஒழுங்கைக்குள் நுழைந்து, யாருடையதோ கேற்றடியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, வெளியே வந்து, காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ் பிடித்துப் புறக்கோட்டைக்குத் திரும்பிப் போகிறான்.

இதைவிடப் பெரிய காதல் காட்சி உங்களுக்கு எங்கே கிடைக்கும்? அதேநேரம் இதைவிட வெளிப்படையான ஏமாற்றும் இல்லை. இரண்டையும் ஒரே செயலில் வைத்துவிட்டால், “அவன் அவளை உண்மையாகவே நேசித்தான்” என்று ஒரு வரிகூட நீங்கள் எழுதத் தேவையில்லை.

வாசகருக்கு எப்போது தெரியவேண்டும்?

மூன்று வழி இருக்கிறது. தர்ஷினியோடு சேர்ந்து வாசகருக்கும் கடைசியில் தெரியலாம். நான் முதல் நாவலில் செய்தது இதுதான், பென்சில் அடி வாங்கியதும் இதற்குத்தான். ரவியே தன்மையில் கதை சொல்லி வாசகரையும் மயக்கலாம். கைதேர்ந்தவர்களுக்கு அது அழகாக வரும், முதல் நாவலில் வேண்டாம். மூன்றாவது, வாசகருக்கு அவளுக்கு முன்னரே தெரிந்துவிடுவது. தொடங்குபவருக்கு நான் சொல்வது இந்த மூன்றாவதைத்தான். கதையை அவளோடு நெருங்கி நின்று படர்க்கையில் சொல்லுங்கள். நாவலின் கால்பங்கு தாண்டியதும் ஒரே ஓர் அத்தியாயத்தை ரவிக்குக் கொடுத்து, அவன் அந்த 100 பஸ்ஸில் ஏறுவதைக் காட்டிவிடுங்கள். அதற்குப் பிறகு வரும் ஒவ்வொரு சந்தோஷமான காட்சியும் வாசகரின் வயிற்றைக் கலக்கும். நீங்கள் பயங்காட்டத் தேவையில்லை, அவர்கள் ஐஸ்கிரீம் குடித்தாலே போதும்.

தடயத்தை மூன்று முறை வையுங்கள்

தடயம் என்றதும் சட்டைப்பையில் கடிதம், கதவுக்குப் பின்னால் ஒட்டுக்கேட்ட தொலைபேசி உரையாடல் என்று போகாதீர்கள். அந்தக் கதவு தேய்ந்துவிட்டது. அன்றாடம் கையில் புழங்கும் சாமானில் தேடுங்கள். ரயிலில் தினசரி வேலைக்குப் போய்வருகிறவர் மாத சீசன், அதாவது மாதம் முழுவதற்குமான ரிக்கெற், எடுத்து வைத்திருப்பார். தர்ஷினியிடம் இருக்கிறது. ரவியிடம் இல்லை, அவனுக்கு ஒருவழிப் பயணம் மட்டுமே ரயிலில். காலையில் அவன் அந்தப் பக்கத்திலேயே இல்லையே.

முதல் முறை, நாவலின் தொடக்கத்தில், இப்படி:

“சீசன் எடுக்கேல்லையோ?”

“முடிஞ்சுபோச்சு. நாளைக்குத்தான் எடுக்கவேணும்.”

அவள் மறந்துவிடுவாள், வாசகரும் மறந்துவிடுவார். இரண்டாவது முறை, பஸ் அத்தியாயத்துக்குப் பிறகு, அவன் மறுபடியும் கவுண்டரில் ரிக்கெற் வாங்க நிற்கிறான். இப்போது வாசகருக்கு விளங்குகிறது, அவளுக்கு இல்லை. அவள் தன் பையிலிருந்து சில்லறை எடுத்துக் கொடுக்கக்கூடச் செய்யலாம். மூன்றாவது முறை அவள் கேட்கவே இல்லை. அவனாகவே சொல்கிறான்:

“இண்டைக்கு கவுண்டர்ல பயங்கர சனம். கால் வைக்க இடமில்லை. சீசன் எடுக்கேலாமப் போச்சு.”

முதலில் ஓர் உண்மையான சலிப்பு, பிறகு பொய். அவன் சொல்லிக்கொடுத்த அதே அச்சு. அவள் ஒன்றும் சொல்லாமல் யன்னலுக்கு வெளியே பார்க்கிறாள். இந்த இடத்தில் “அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது” என்று எழுதக் கை துறுதுறுக்கும். கையைக் கட்டிக்கொள்ளுங்கள். அடுத்த வரியில் ரயில் பம்பலப்பிட்டியில் நிற்கட்டும், போதும்.

இடம் சும்மா நிற்கக் கூடாது

கடலோரம் என்றால் அலை, நிலா, உப்புக் காற்று என்று ஒரு பந்தி எழுதிவிட்டுக் கதைக்குத் திரும்புவது நம்மிடம் உள்ள பழைய வியாதி. எனக்கும் இருந்தது. அது தீர, குறுந்தொகையின் 25ஆம் பாட்டை எடுத்து வாசியுங்கள். கபிலர் பாடியது, ஐந்தே அடி:

“யாரும் இல்லை தானே கள்வன்
தான்அது பொய்ப்பின் யான்எவன் செய்கோ
தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால
ஒழுகுநீர் ஆரல் பார்க்கும்
குருகும் உண்டுதான் மணந்த ஞான்றே”

அன்று வேறு யாருமில்லை, கள்வனான அவன் மட்டும்தான். அவனே பொய் சொல்லிவிட்டால் நான் என்ன செய்வேன்? தினைத் தாள்போல் மெல்லிய பசிய கால்களோடு, ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டு ஒரு குருகும் நின்றது, அவ்வளவுதான்.

காதல், சந்தேகம், சாட்சி, இடம் எல்லாம் ஐந்தடியில் முடிந்துவிட்டன. அந்தக் குருகைப் பாருங்கள். அது அழகுக்காக வரவில்லை. அவளுக்கு இருக்கும் ஒரே சாட்சி அது, அந்தச் சாட்சிக்கோ வாயில்லை. போதாக்குறைக்கு அது இவர்களைப் பார்க்கவுமில்லை, அதன் கண் மீனில். அசையாமல் நின்று இரைக்காகக் காத்திருக்கும் ஒன்றை அவள் ஏன் நினைவில் வைத்திருக்கிறாள் என்று யோசித்தால் அவள் பயம் முழுவதும் தெரியும். “கள்வன்” என்ற சொல்லிலும் கொஞ்சலும் குற்றச்சாட்டும் ஒன்றாகவே இருக்கின்றன.

பாட்டை அப்படியே நாவலுக்குள் தூக்கி வைக்கச் சொல்லவில்லை. உங்கள் இடத்தில் குருகு எது என்று தேடச் சொல்கிறேன். வெள்ளவத்தை நிலையத்தில் தண்டவாளத்துக்கு ஒருபுறம் கடல், மறுபுறம் மெரின் டிரைவ். தினமும் இவர்கள் இறங்குவதைப் பார்க்கிறவர் யார்? வாசலில் கடலை விற்கிறவரா? ஒழுங்கை முகப்பில் ஓட்டோவோடு நிற்கிறவரா? ரவி அந்த ஒழுங்கைக்குள் போய்விட்டுக் கொஞ்ச நேரத்தில் வெளியே வருவதை மாதக்கணக்காகப் பார்த்தவர் அவர். அவருக்கு அதைச் சொல்ல வேண்டிய தேவையே இல்லை, கண் எல்லாம் அடுத்த சவாரியில். அவரைப் பேச வைக்காதீர்கள்.

இன்னொன்று. நெய்தல் நிலத்துக்கு உரிய உணர்வு இரங்கல், காத்திருந்து வருந்துதல். வெள்ளவத்தையும் கடலோரம்தான். இங்கே வீட்டுக்கு வீடு ஒருவராவது விசாவுக்கோ ஸ்பொன்சருக்கோ காத்திருப்பதைப் பார்க்கும்போது திணை வகுத்தவர்கள் தெரிந்துதான் வகுத்திருக்கிறார்கள் என்று நான் நினைப்பதுண்டு. குறுந்தொகை கையில் இல்லாவிட்டால் 57ஆம் ஒழுங்கையில் கொழும்புத் தமிழ்ச் சங்கம் இருக்கிறது. 1942இல் தொடங்கிய சங்கம், நூலகமும் உண்டு.

பேச்சில் ஒரு விரிசல்

கொழும்பை வைத்து எழுதுவதில் நமக்கொரு வசதி உண்டு. ஒரே பஸ்ஸுக்குள் யாழ்ப்பாணத் தமிழ், மட்டக்களப்புத் தமிழ், மலையகத் தமிழ், முஸ்லிம்களின் தமிழ், இடையில் சிங்களம் எல்லாம் காதில் விழும். அப்படியிருந்தும் நிறையப் பிரதிகளில் எல்லாப் பாத்திரமும் செய்தி வாசிப்பவர்போலக் கதைக்கும். ஏமாற்றுக் கதையில் இது பெரிய இழப்பு.

ரவி தர்ஷினியோடு “ஓம்”, “போறன்”, “வந்திட்டன்” என்று கதைக்கப் பழகியிருக்கிறான். தாயோடு தொலைபேசியில் என்றால் “ஆமா”, “போறேன்”, “வந்துட்டேன்மா”. ‘அன்’ஐயும் ‘ஏன்’ஐயும் பிரிக்கும் அந்த ஓர் உயிரெழுத்துக்குள் அவனுடைய ஊர் இருக்கிறது. சந்தோஷத்தில், கோபத்தில், காய்ச்சலில் பழக்கிய பேச்சு கழன்று விழும். ஒரு நாள் தாயின் சுகவீனச் செய்தி வரும்போது அவன் அவள் முன்னாலேயே “வந்துடுறேன்மா” என்று சொல்லட்டும். அவள் அதைக் கேட்டதாக எழுதுங்கள். என்ன நினைத்தாள் என்று எழுதவேண்டாம்.

எச்சரிக்கை ஒன்று: வழக்கு உங்களுக்குப் பழக்கமில்லாவிட்டால் அந்த வழக்குக்காரர் ஒருவரிடம் வாசித்துக் காட்டுங்கள். காதால் கேட்காமல் எழுதிய மலையகத் தமிழ் பெரும்பாலும் பழைய சினிமாத் தமிழாகப் போய்விடும், வாசிக்கிற ஆளுக்கு அது அவமானமாகவும் படும்.

தோழி

சுருக்கமாக: கதாநாயகி சொல்வதைக் கேட்டுத் தலையாட்ட மட்டும் ஒரு தோழி வேண்டாம். அவளுக்கும் ஏதாவது கிடைக்கவோ இழக்கவோ இருக்கவேண்டும். தர்ஷினியின் தாயிடம் அவளுக்காகப் பொய் சொல்கிறவள் அவள்தானே. உண்மை வெளிவந்தால் அந்த வீட்டுப் படியை இனி அவளும் மிதிக்க முடியாது.

உண்மை வெளிவரும் இடம்

பொய் உடைவதற்கு இடம் தேடி அலையத் தேவையில்லை. மிகப் பழைய குறிப்பு ஒன்று இருக்கிறது:

“பொய்யும் வழுவும் தோன்றிய பின்னர்
ஐயர் யாத்தனர் கரணம் என்ப”

காதலில் பொய்யும் தவறும் வந்த பிறகுதான் பெரியவர்கள் திருமணச் சடங்கை ஏற்படுத்தினார்கள் என்கிறது தொல்காப்பியக் கற்பியல். நமக்குக் கரணம் என்பது எழுத்து. விவாகப் பதிவாளரிடம் அறிவித்தல் கொடுக்கும்போது இருப்பிடம் எழுதவேண்டும், அடையாள அட்டையை எடுத்து வைக்கவேண்டும். அதன் பின்பக்கத்தில் பிறந்த இடமும் முகவரியும் இருக்கும். வாயால் சொல்லும்போது பொய் காதலின் பகுதியாக இருந்தது. படிவத்தில் எழுதினால் அது குற்றம். பேனையைக் கையில் வைத்துக்கொண்டு ரவி அந்தக் கட்டத்தின் முன் நிற்பதைவிட நல்ல உச்சக்கட்டம் எனக்குத் தெரியாது.

அங்கே மூன்று பக்க வாக்குமூலம் எழுதாதீர்கள். மழையில் நின்று அழவும் வேண்டாம். அவளுக்குத்தான் ஏற்கெனவே தெரியுமே. அவன் எழுதப் போவது எது என்று பார்க்கத்தான் அவள் அதுவரை வந்திருக்கிறாள். அவன் கொட்டாஞ்சேனை என்று எழுதினால் ஒரு நாவல், வெள்ளவத்தை என்று எழுதினால் இன்னொரு நாவல். இரண்டையும் எழுதிப் பாருங்கள். எதை எழுதும்போது உங்களுக்கே தொண்டை அடைக்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்குப் பிறகு கொஞ்சப் பக்கம் மிச்சம் வையுங்கள். ஊடல் உடனே தீர்ந்தால் முழுப் பொய்யும் விளையாட்டாகிவிடும். எந்த ரவியிடம் அவள் மனதைக் கொடுத்தாள், வெள்ளவத்தை ரவியிடமா, 100 பஸ்ஸில் திரும்பிப் போனவனிடமா என்ற கேள்வி ஓர் இரவில் தீராது. அவளும் தாய்க்கு இத்தனை மாதம் பொய் சொன்னவள்தான் என்பதை யாராவது அவளுக்கு நினைவுபடுத்தத்தான் வேண்டும். தோழியாக இருக்கலாம். தாயாகவே இருந்தால் இன்னும் நல்லது.

எழுதுமுன் ஒருமுறை போய்ப் பாருங்கள்

தலைப்பு, அத்தியாயப் பிரிப்பு, எத்தனை பக்கம் என்பதெல்லாம் கடைசியில் தானாக அமையும். அதற்கு முன் கொப்பியின் நான்காவது நிரலை நீங்களே ஒரு நாள் நடந்து பாருங்கள்.

நான் பார்த்தேன். ஒரு வேலை நாள் பின்னேரம் கோட்டையில் ரயிலேறி, கதவோரம் நெரிபட்டு, வெள்ளவத்தையில் இறங்கினேன். யாருடையதோ கேற்றடியில் நின்றேன். ஒரு நாய் குரைத்தது, மேல்மாடியிலிருந்து ஒருவர் “யாரைத் தேடுறியள்?” என்று கேட்டார். அந்தக் கேள்வி என் கொப்பியில் இருக்கவில்லை. தடுமாறிப்போய் ஒரு பெயரைச் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். 100 பஸ்ஸில் நின்றபடியே புறக்கோட்டை. அங்கிருந்து கொட்டாஞ்சேனைக்கு நடை. செட்டியார் தெருவில் நகைக்கடைகள் சட்டர் இறக்கியிருந்தன. தாலிக்கொடி வாங்கவேண்டிய தெருவை அவன் தினமும் பூட்டிய பிறகுதான் கடக்கிறான் என்பது அப்போதுதான் உறைத்தது. ஜிந்துப்பிட்டியைத் தாண்டும்போது எனக்கு நல்ல பசி. ஒரு கடையில் ஏறினால் சோறு முடிந்துவிட்டது, ரொட்டியும் பருப்பும்தான் இருக்கிறது என்றார்கள்.

தினமும் இந்த நேரத்துக்கு வந்து சேர்கிறவன் என்ன சாப்பிட்டான் என்று நான் அதுவரை யோசித்ததே இல்லை. அறையிலிருக்கும் மற்ற இரண்டு பேரும் அவனுக்கு மிச்சம் வைத்தார்களா? வைத்தார்களென்றால், ஏன் பிந்துகிறது என்று அவர்களுக்கு என்ன சொன்னான்? வீட்டுக்கு வந்ததும் கொப்பியை எடுத்து ஆறாவது நிரல் கீறினேன்.